மெய்நிகர் உலகத்தில் கடை போடப் போகிற மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கும் கல்முனைப் பக்கம் டிசைன் வேலை செய்கிற பொடியன்மாருக்கும் கொஞ்ச நாளாக ஒரு செய்தி வந்துகொண்டிருக்கிறது. 'எங்கள் மெய்நிகர் உலகத்தில் படைப்பாளியாகச் சேருங்கள், வீட்டிலிருந்தே டொலரில் உழையுங்கள்' என்று. அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். 2020 ஊரடங்குக் காலத்திலிருந்து 2022 வரை அவர்களுடைய உலகத்துக்குள் நான் கடை வைத்திருந்தேன். பெயரை இப்போதைக்குப் பொதுவில் போட வேண்டாம் என்று எங்களுக்கு உதவி செய்கிற சட்டத்தரணி சொல்லியிருப்பதால் இங்கே எழுதவில்லை. தனியாகக் கேட்டால் சொல்வேன். சேருவதற்கு முன் இதை முழுதாக வாசித்துவிடுங்கள்.

மெய்நிகர் உலகம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: உங்களுக்கென்று ஓர் அவதார் இருக்கும். அது நடக்கும், ஆடும், மற்றவர்களோடு கதைக்கும். உடுப்பு, வீடு, காணி எல்லாவற்றுக்கும் அந்த உலகத்துக்கென்று தனி நாணயம். அதை வங்கி அட்டையால் வாங்கலாம். ஏதாவது செய்து விற்கத் தெரிந்தால் அந்த நாணயத்தைச் சம்பாதித்து, திரும்ப டொலராக மாற்றலாம். 2003இல் தொடங்கி இன்றும் ஓடுகிற 'செகண்ட் லைஃப்' இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்தது. நான் இருந்தது அதில் இல்லை. அதைப் பார்த்துப் பிறகு வந்த ஒன்று.

நான் செய்தது சேலை. அவதார்களுக்கான சேலை. மருதமுனைக் கைத்தறிச் சேலைகளின் கரையைப் படமெடுத்து, அந்த நெசவே தெரியும்படி கணினியில் ஏற்றினேன். எனக்குத் தெரிந்த நெசவுக்கார நானா ஒருவர் தறியில் ஓடிக்கொண்டிருந்த துணியை நிறுத்தி, வெளிச்சம் விழுகிற பக்கம் திருப்பிக் காட்டினார். "என்ன புள்ள, தறியில இருக்கிறத்த அப்படியே போனுக்குள்ள ஏத்துறியா? வித்தா எனக்கும் ஒரு பங்கு வரணும், சரியா?" என்றார். சரி என்றேன். விற்கிற ஒவ்வொன்றிலும் கால்வாசி அவருக்கு என்று பேச்சு.

அது லேசான வேலை இல்லை. அவதார் நடக்கும்போது முந்தானை கைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். கொசுவம் உட்காரும்போது கதிரைக்குள் மறைந்துவிடும். இதையெல்லாம் ஒவ்வொரு புள்ளியாக இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ஆனால் சேலை வெளியே வந்ததும் ரொறன்ரோ, லண்டன், சூரிச் என்று நம்மட ஆட்கள் வாங்கத் தொடங்கினார்கள். பொங்கலுக்கு அந்த உலகத்துக்குள்ளேயே ஒரு தீவை வாடகைக்கு எடுத்து, கோலம் போட்டு, பானை வைத்து எல்லோரும் கூடினோம். நிறுவனம் அதைப் படமெடுத்து, உள்நுழைகிற பக்கத்தில் 'இதுதான் நம் சமூகம்' என்று போட்டது. அந்தக் காலத்தில் அவர்கள் எங்களோடு கதைத்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. பிறந்தநாள் வாழ்த்து வரும், பண்டிகை வாழ்த்து வரும், புதுச் சாமான் வந்தால் திரை நடுவில் பெட்டி திறக்கும், போன் மணி அடிக்கும், மின்னஞ்சலும் வரும். விற்பனை என்றால் ஒரு செய்தி நம் கையில் சேரும்வரை விடமாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு எடுப்பதுதான் பிரச்சினை. அவர்கள் பேபால் வழியாக மட்டுமே காசு அனுப்பினார்கள். அப்போது இலங்கையிலிருந்து பேபாலில் காசு கட்டலாம், ஆனால் வாங்க முடியாது. இது இங்கே இணையத்தில் உழைக்கிற எல்லோருக்கும் தெரிந்த தலையிடி. எழுதிக் கேட்டேன். 'உங்கள் நாட்டுக்கு வேறு வழி தயாராகிக்கொண்டிருக்கிறது, அதுவரை நாணயங்களைக் கணக்கிலேயே வைத்திருங்கள், பாதுகாப்பாக இருக்கும்' என்று பதில் வந்தது. எழுத்தில். கேட்கும்போதெல்லாம் அதே பதில். நானும் வைத்திருந்தேன். காணி வாடகை மட்டும் மாதாமாதம் என் அட்டையிலிருந்து டொலரில் போய்க்கொண்டிருந்தது.

2022 மார்ச் எப்படி இருந்தது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 7ஆம் தேதி ரூபாயைத் தளர்த்திவிட்டார்கள். 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மாத முடிவில் 300ஐ நெருங்கியது. கடைசி நாட்களில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. கல்லடியில் எங்கள் வீட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் சமைத்துக்கொண்டிருந்த ஓர் இரவு, போனில் அந்த நிறுவனத்தின் பெட்டி திறந்தது: 'மின்னும் சிறகுகள், இன்று மட்டும் பாதி விலை!' அதே வாரத்தில் அது திரும்பத் திரும்ப வந்தது.

ஆனால் அதே வாரத்தில் அவர்கள் வேறொன்றையும் அறிவித்திருந்தார்கள். நாணயத்தை டொலராக மாற்றுவது மாத முடிவோடு நிறுத்தப்படுகிறது. மிச்சமிருக்கிற நாணயத்தை உள்ளே சாமான் வாங்க மட்டும் பாவிக்கலாம். இதற்குப் பெட்டி திறக்கவில்லை. மணி அடிக்கவில்லை. மின்னஞ்சல் இல்லை. 'சமூகக் கூட்டம்' என்று அவர்கள் நடத்துகிற நேரடிக் குரல் சந்திப்பில், புது நடன அசைவுகளைப் பற்றிக் கதைத்து முடித்த பிறகு, கடைசியில் வாயால் சொன்னார்கள். அமெரிக்க மேற்குக் கரையில் மத்தியானம் ஒன்றரை மணி. நமக்கு அதிகாலை 2 மணி. கரண்டும் இல்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது ரொறன்ரோவில் இருக்கிற அக்கா ஒருவர் போன் எடுத்தபோதுதான். "பிள்ளை, உங்கட காசை எடுத்திட்டீங்களா?" என்றார். அவருக்கும் அந்தக் கூட்டத்தில் இருந்த இன்னொருவர் சொல்லித்தான் தெரியும். கூட்டத்திலேயே சிலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எழுதிய கேள்விகள் அழிக்கப்பட்டன. திரும்பக் கேட்டவர்கள் 'நேர்மறையான சூழலைக் கெடுத்ததற்காக' கூட்டத்திலிருந்து வெளியே போடப்பட்டார்கள். உடனே உதவிப் பிரிவுக்கு எழுதினேன். வந்த பதிலை அப்படியே தமிழில் தருகிறேன்: 'உங்களைப் போன்ற படைப்பாளிகள்தான் எங்கள் உலகத்தின் இதயம். இந்த மாற்றம் ஏற்கெனவே சமூகத்துக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது.' கையெழுத்து இல்லை. 'உங்கள் நண்பர்கள் குழு' என்று மட்டும் இருந்தது. இலங்கைக்கு வேறு வழி தயாராகிறது என்று அவர்களே எழுதிய பழைய பதிலை இணைத்து மறுபடி அனுப்பினேன். அதற்கும் அதே மூன்று வரி.

எனக்கு இன்னும் ஆறாதது காசு போனது மட்டும் இல்லை. சிறகு விற்க என் போனைத் தட்டத் தெரிந்தவர்களுக்கு, என் உழைப்பை முடக்கப்போவதைச் சொல்ல அதே போனைத் தட்டத் தெரியாமல் போகாது. எந்தச் செய்தியை எந்த வழியால் அனுப்ப வேண்டும் என்று யோசித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். கேட்டால், அறிவித்தோம் என்று சொல்லலாம். காதில் விழாமல் பார்த்துக்கொண்டும் ஆயிற்று.

எல்லா நிறுவனமும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். செகண்ட் லைஃபை நடத்துகிற லிண்டன் லாபில் ஊழியர்களின் அவதார்களுக்கு 'லிண்டன்' என்றே பின்பெயர் இருக்கும். உங்களோடு கதைக்கிறவர் நிறுவனத்து ஆள் என்று பெயரைப் பார்த்தாலே தெரியும். அங்கேயும் சண்டை வந்திருக்கிறது. 2008 அக்டோபரில் ஒரு வகைக் காணிக்கு மாத வாடகையை 75 டொலரிலிருந்து 125 டொலராக்கப் போவதாகச் சொன்னபோது பயனாளர்கள் கொதித்து எழுந்தார்கள். நவம்பர் தொடக்கத்திலேயே நிறுவனத்தின் தலைமை அதிகாரி தன் பெயரிலேயே பதில் எழுதி, ஏற்றத்தைப் படிப்படியாக ஆக்கினார். எல்லோருக்கும் திருப்தி இல்லைதான். ஆனால் யார் முடிவெடுத்தார், எப்போதிருந்து, எவ்வளவு என்பது எழுத்தில் இருந்தது.

ஐஸ்லாந்துக்காரர்களின் 'ஈவ் ஆன்லைன்' என்ற இணைய விளையாட்டு இன்னும் ஒரு படி மேலே. 2008 முதல் விளையாடுகிறவர்களே வாக்குப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்கிறார்கள். 2011இல் உள்ளே விற்கிற உடுப்புகளின் விலையையும் நிறுவனத்தின் போக்கையும் எதிர்த்துப் பெரிய கலகம் வந்தபோது, அந்தப் பிரதிநிதிகளை ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்குக்குக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். அதே வருடம் அக்டோபரில் தலைமை அதிகாரி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மூடுகிறவர்கள்கூட முகம் பார்த்துச் சொல்லலாம். 'தேர்' (There) என்ற மெய்நிகர் உலகம் 2010 மார்ச்சில் மூடப்பட்டபோது கிடைத்த அவகாசம் ஒரு வாரம்தான். ஆனாலும் பொருளாதார நெருக்கடியால் நடத்த முடியவில்லை என்று காரணத்தை எல்லோருக்கும் திறந்து சொன்னார்கள்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நிறுவனங்களின் நிபந்தனைகளில் நாணயம் 'பணம் அல்ல, பாவிப்பதற்கான உரிமம்' என்று எழுதியிருக்கும். பிணக்கு வந்தால் அவர்கள் சொல்கிற ஊரில், அவர்கள் சொல்கிற நடுவர் முன்னால்தான் போக வேண்டும் என்றும் இருக்கும். அமெரிக்காவில் மார்க் பிராக் என்ற வழக்கறிஞர், தன் மெய்நிகர் காணி பறிபோனதற்காக லிண்டன் லாப் மேல் வழக்குப் போட்டார். அந்த நடுவர் நிபந்தனை ஒருபக்கச் சார்பானது, செல்லாது என்று 2007இல் பென்சில்வேனியாவில் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவர் வழக்கறிஞர், அந்த நாட்டுக்காரர். கல்லடியிலிருந்து நாம் அங்கே போய் வழக்காட முடியாது. அதனால் காசு உள்ளே போகும் முன்னர்தான் நமக்குப் பலம்.

சேர நினைக்கிறவர்கள் முதலில் அந்த நிறுவனத்தின் பழைய கெட்ட செய்தி ஒன்றைத் தேடிப் பாருங்கள். விலை ஏறியது, ஏதோ ஒன்றை நிறுத்தியது, கணக்குகளை முடக்கியது, எதுவானாலும் சரி. அதை எங்கே சொன்னார்கள், யார் சொன்னார், எத்தனை நாள் அவகாசம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். நல்ல செய்தி எல்லோரும் நன்றாகத்தான் சொல்வார்கள். கெட்ட செய்தியே எங்கும் எழுத்தில் கிடைக்கவில்லை, ஆனால் பழைய ஆட்கள் மட்டும் குறைசொல்லித் திரிகிறார்கள் என்றால், தள்ளி நில்லுங்கள். அடுத்தது, இலங்கை வங்கிக் கணக்குக்குக் காசு இன்றைக்கு எந்த வழியால் வரும், குறைந்தபட்சம் எவ்வளவு, எத்தனை நாள் பிடிக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். 'விரைவில்' என்று வருகிற எதையும் 'இல்லை' என்றே எடுங்கள். சிறு தொகை சேர்ந்ததும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது கையில் வந்த பிறகு காணி வாடகையை யோசிக்கலாம்.

ஏற்கெனவே மாட்டுப்பட்டவர்கள் அட்டையைக் கவனியுங்கள். எனக்கு நாணயம் முடங்கிய பிறகும் காணி வாடகை போய்க்கொண்டே இருந்தது. நிறுத்துகிற பொத்தான் அவர்கள் பக்கத்தில் எங்கும் இல்லை, உதவிப் பிரிவுக்கு எழுதத்தான் வேண்டும். அவர்கள் 'கோரிக்கை முடிக்கப்பட்டது' என்பார்கள். ஒரு மாதம் டொலருக்கு 200 ரூபாய்க் கணக்கில் போன வாடகை அடுத்தடுத்த மாதங்களில் 300க்கு மேல் கணக்கில் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் வங்கிக் கிளைக்கு நேரே போய் அட்டையை முடக்கினேன். ரத்துச் செய்யச் சொல்லி நான் எழுதிய திகதியையும் அவர்களுடைய பதிலையும் அச்செடுத்துக் கொடுத்து, அந்தத் திகதிக்குப் பிறகு போன வாடகையை மறுக்கிறேன் என்று படிவம் நிரப்பினேன். கவுண்டரில் இருந்த தங்கச்சி பொறுமையாக ஒவ்வொரு வரியாகப் பார்த்து உதவினார். அந்தத் தொகை திரும்பி வந்தது. நாணயம் வரவில்லை. வங்கிக்கு அட்டைக் கட்டணம்தான் கணக்கு, உள்ளே நாம் சம்பாதித்தது அவர்களுக்குத் தெரியாது. இப்படிப் பிணக்குக் கொடுக்கக் கால எல்லை உண்டு, தள்ளிப்போடாதீர்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு 1935இல் இருக்கிறது.

மருதமுனை நானாவுக்குச் சேர வேண்டிய பங்கை என் கையிலிருந்து கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார். "உனக்கே வரல்ல, எனக்கு என்னத்துக்கு?" என்றார். வற்புறுத்தித்தான் கொடுத்தேன். அவருடைய கரை இன்னும் அந்த உலகத்தில் விற்பனையாகிறது. கடையை மூடினாலும், ஏற்கெனவே ஏற்றியதைப் பாவிக்கிற உரிமை தங்களிடம் இருக்கிறது என்று அவர்களுடைய நிபந்தனை சொல்கிறது. நம்மட நெசவை, நம்மட கைவேலையை ஏற்றப் போகிற பிள்ளைகள் அந்த ஒரு பந்தியையாவது வாசித்துவிட்டு ஏற்றுங்கள்.

இப்போது புதிதாக ஆள் சேர்க்கிற செய்தியிலும் அதே வாசகம் வருகிறது: 'இலங்கைக்கான கொடுப்பனவு வழி தயாராகிக்கொண்டிருக்கிறது.'

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அந்த நிறுவனத்தில் நாணயம் முடங்கிக் கிடக்கிற மற்றவர்களையும் சேர்த்து ஒரு கூட்டுக் கடிதம் தயாரிக்கிறோம். 'பாதுகாப்பாக இருக்கும், வைத்திருங்கள்' என்று உங்களுக்கு வந்த பதிலையும், திகதி தெரிகிற மாதிரி நாணய இருப்பின் படத்தையும், வாடகை போன மாதங்களின் வங்கிக் கூற்றையும் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைத் தவிர மற்றதை மறைத்துவிட்டு அனுப்புங்கள். கணக்கை மட்டும் இப்போதைக்கு அழிக்க வேண்டாம். அழித்தால் அவர்கள் எழுதிய பதில்களும் அதோடு போய்விடும்.