பச்சையான நீச்சல் தொட்டிக்குக் குளோரின் பொடி: பொள்ளாச்சிப் பக்கத்துப் போர் தண்ணீரில் போட்டுப் பார்த்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 65 சதவீதம் குளோரின் உள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் பொடி நல்ல சரக்கு. பச்சைப்பசேல் என்று மாறிய தொட்டியைத் தெளிய வைக்கும். ஆனால் டப்பாவில் போட்டிருக்கிறபடி அள்ளிக் கொட்டினால் மட்டும் போதாது, அதிலும் நம்ம ஊர் உப்புத் தண்ணீருக்கு.

எங்களுடையது தென்னந்தோப்புக்குள் இருக்கும் தொட்டி, சுமார் 50,000 லிட்டர் பிடிக்கும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அடிக்கும்போது புழுதி, குரும்பை, காய்ந்த மட்டைத் தூள் எல்லாம் உள்ளேதான் விழும். இருக்கிற குளோரின் அந்தக் குப்பையோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். அப்புறம் பாசிக்குக் கொண்டாட்டம்தான். இதைப் பார்த்தால் என் மாமனாருக்குச் சிரிப்பு. "ஏன் கண்ணு, சுரைப்புருடை கட்டிக் கெணத்துல நீச்சல் பழகுனமே, அதுல இல்லாத பாசியா?" என்பார். கிணற்றில் மீன் இருக்கிறது, ஊற்று இருக்கிறது. டைல்ஸ் பதித்த தொட்டியில் என்ன இருக்கிறது, வழுக்கி விழ வேண்டியதுதான்.

டவுனில் கெமிக்கல் கடைக்காரர் சொன்னது நல்ல யோசனை: "அக்கா, தினப்படிக்குக் குளோரின் மாத்திரை போடுங்க. பச்சையானதுக்கு அது ஆகாதுங்க, பொடி கொண்டு போங்க." மாத்திரையில் 90 சதவீதம் குளோரின் இருந்தாலும் அது மெதுவாகத்தான் கரையும். கூடவே சயனூரிக் அமிலத்தையும் தண்ணீரில் விடும். வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது அதுதான். ஆனால் அது தண்ணீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. பிறகு தொட்டியில் பாதியைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவதைத் தவிர வழியில்லை. பொடியில் அந்தத் தொல்லை கிடையாது.

மேல்தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். அதில் குளோரின் 30 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், மீதி பெரும்பாலும் சுண்ணாம்பு. அடியில் படியும் வண்டலை அள்ளுவது தனி வேலை. திருப்பூர் சாயப்பட்டறைகளுக்குப் போகும் திரவ ஹைப்போவும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) வேலை செய்யும், சுண்ணாம்பும் சேராது. ஆனால் நம்ம வெயிலில் கேனில் இருக்க இருக்க வீரியம் குறைந்துகொண்டே வரும்.

இனி முக்கியமான விஷயம், பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு. எங்கள் போர் தண்ணீர் 8ஐத் தொட்டு நிற்கிறது. அந்த அளவில் போட்ட குளோரினில் கால் பங்குதான் பாசியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 7.2க்கு இறக்கினால் பாதிக்கும் மேல். ஆக முதலில் காலையில் ஆசிட் விட்டு பிஎச்சை இறக்கி, மோட்டாரை ஓட்டித் தண்ணீரை நன்றாகக் கலக்க வைக்கிறேன். குளோரின் போடுவது பொழுது சாய்ந்த பிறகுதான், வெயிலில் போட்டால் வீணாகும். ஆசிட்டும் குளோரினும் நேருக்கு நேர் கலந்தால் விஷவாயு வரும். ஒரே பக்கெட்டை இரண்டுக்கும் பயன்படுத்தவே கூடாது.

50,000 லிட்டரில் குளோரினை 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏற்ற முக்கால் கிலோ பொடி பிடிக்கும். பக்கெட்டில் தண்ணீரை முதலில் பிடித்து, அதில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்க வேண்டும். பொடி மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரைசலைச் சுற்றிலும் ஊற்றி, பிரஷ்ஷால் சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். சும்மா ஊற்றிவிட்டுப் போனால் வழவழப்பான படலத்துக்கு அடியில் இருக்கும் பாசி தப்பித்துவிடும்.

மறுநாள் பச்சை போய்ச் சாம்பல் கலந்த வெள்ளையாகத் தெரிந்தால் பாசி சாகிறது என்று அர்த்தம். தெளியும்வரை பில்டர் நிற்காமல் ஓட வேண்டும், பிரஷர் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டுப் பில்டரைக் கழுவ வேண்டும். இருட்டிய பிறகு குளோரினை அளந்து வைத்து, விடியலில் வெயில் ஏறும் முன் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு பிபிஎம்முக்கு மேல் இறங்கியிருந்தால் பாசி இன்னும் உயிரோடு இருக்கிறது, இன்னொரு முறை போட வேண்டும். அளவு 3 பிபிஎம்முக்கு இறங்கும்வரை பிள்ளைகளை இறங்க விடுவதில்லை.

குறை இல்லாமலா? இந்தப் பொடி தண்ணீரில் கால்சியத்தை ஏற்றும். ஏற்கெனவே கடினமான தண்ணீர் என்பதால் டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைக் கோடு படிகிறது. டப்பாவில் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. தொட்டியைக் கவனிக்கும் ஆள் எதைப் படித்து அளந்து போடுவார்? மூடியும் சரியாக இறுகாமல், காற்றின் ஈரம் பட்டு மேல் பக்கம் கட்டி தட்டிவிட்டது.

அதனால் பெரிய டிரம் மலிவு என்று வாங்காதீர்கள், ஐந்து கிலோ டப்பாவே போதும். நம்ம தோட்டத்துச் சாளை வீடுகளில் யூரியா மூட்டை, டீசல் கேன் எல்லாம் ஒரே அறையில்தான் கிடக்கும். இந்தப் பொடி அவற்றோடு சேர்ந்தாலோ, அந்தக் குளோரின் மாத்திரையோடு கலந்தாலோகூடத் தீப்பிடிக்கும். நாங்கள் இதற்கென்று நிழலான, காற்றோட்டமுள்ள தனி அலமாரி வைத்துப் பூட்டிவிட்டோம். மாத்திரைக்கு வேறு அலமாரி, வேறு கரண்டி.