சி.என்.சி. ரவுட்டரில் பலகையைப் பிடிப்பது எப்படி: வேக்குவமா, ஸ்க்ரூவா, டேப்பா?

சி.என்.சி. ரவுட்டர் என்பது கணினி சொல்லும் பாதையில் சுழலும் பிட்டை (வெட்டும் அலகை) ஓட்டிப் பலகையை வெட்டும் மெஷின். அதை வாங்கும்போது ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) எத்தனை கிலோவாட், மேசை எத்தனை அடி என்றுதான் பேச்சு ஓடும். பலகையை மேசையில் எதைக் கொண்டு பிடிப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். வெட்டின ஓரத்தில் அலை தெரிந்தாலும், மூலையில் ஒரு கடி விழுந்திருந்தாலும், மெஷினைக் குறை சொல்லும் முன் பிடிமானத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். வெட்டு தொடங்கும்போது பலகை கல் மாதிரி நிற்பது பெரிய விஷயமில்லை. கடைசிப் பாகத்தைச் சுற்றிக் கடைசி மில்லிமீட்டரை அறுக்கும்போது எவ்வளவு பிடி மிஞ்சுகிறது என்பதை வைத்தே இந்த மூன்று முறைகளையும் எடைபோட வேண்டும்.

வேக்குவம் மேசை

பலகைக்கு அடியிலுள்ள காற்றைப் பம்ப் உறிஞ்ச, மேலேயுள்ள காற்று பலகையை மேசையோடு அழுத்துவதுதான் இங்கே பிடி. காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. பட்டறையில் கசிவெல்லாம் போக அதில் பாதி கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 244 × 122 செ.மீ. முழு ஷீட்டில் அது 15 டன்னை நெருங்கும். அதே ஷீட்டிலிருந்து வெட்டி எடுக்கும் 5 × 5 செ.மீ. துண்டுக்கோ 12 கிலோதான். பிட் தள்ளுவது பக்கவாட்டில். அதைத் தடுப்பது வெறும் உராய்வு, அதாவது அந்த 12 கிலோவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. 4 கிலோ பிடியில் 6 மி.மீ. பிட்டை ஓடவிட்டால் துண்டு பறக்கத்தான் செய்யும்.

அடியில் போடும் 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஸ்பாயில்போர்டு, அதாவது மேசையைக் காக்கும் பலிப் பலகை வழியாகத்தான் காற்று இழுபடுகிறது. எம்.டி.எஃப்.பின் இரண்டு முகங்களும் நடுப்பகுதியைவிட இறுகியவை. மேல்பக்கத்தை மட்டும் சீவிவிட்டுப் பிடி இல்லையே என்று பம்பைத் திட்டுவதில் பயனில்லை. இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டராவது சீவ வேண்டும். நான்கு ஓரங்களையும் பெயின்ட்டாலோ பசையாலோ அடைக்க வேண்டும், இல்லையென்றால் காற்று ஓரத்தில் புகுந்துவிடும். ஷீட் மூடாத மேசைப் பகுதியை லேமினேட் துண்டுகளால் மூடுங்கள்.

வெட்ட வெட்ட ஒவ்வொரு கோடும் ஒரு கசிவுதான். கேஜைப் பார்த்தாலே தெரியும், நாலைந்து பாகங்கள் பிரிந்ததும் முள் இறங்கத் தொடங்கும். அதனால் சின்னப் பாகங்களை முதலில் வெட்டுங்கள், பெரியவை கடைசியில். சின்னவற்றில் முதல் சுற்றில் அடியில் 0.5 மி.மீ. தோல் விட்டு, அந்தத் தோலை இரண்டாவது சுற்றில் எடுங்கள். மெல்லிய தோலை அறுக்கையில் பிட் தள்ளும் விசை மிகக் குறைவு, கசிவும் அதுவரை தள்ளிப்போகிறது. தூளை மேலே வாரும் அப்கட் பிட் பலகையையும் சேர்த்துத் தூக்கும். ஆகவே இந்த மேசையில் நுனியில் மட்டும் மேல்நோக்கியும் மற்ற பகுதியில் கீழ்நோக்கியும் வாரும் கம்ப்ரெஷன் பிட் நல்லது. ஆனால் அதன் நுனியிலுள்ள அப்கட் பகுதியின் நீளத்தைவிட முதல் வெட்டு ஆழமாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் மேல் விளிம்பு சிலும்பும்.

முழு ஷீட்டில் அலமாரிப் பலகைகளாக நாள் முழுக்க வெட்டும் பட்டறைக்கு வேக்குவத்துக்கு ஈடில்லை. வளைந்த பிளைவுட் வந்தால்தான் அது திணறும். மேசைக்கும் ஷீட்டுக்கும் இடைவெளி இருக்கும்வரை உறிஞ்சல் பிடிக்கவே பிடிக்காது. மூலைகளில் நாலு ஸ்க்ரூ போட்டு அழுத்திக் கொடுத்தால் பிடித்துவிடும்.

ஸ்க்ரூ

செலவில்லாத முறை, வளைந்த பலகைக்கும் இதுதான் கதி. இதில் பலர் தவறுவது துளையில். ஷீட்டில் துளை போடாமல் ஸ்க்ரூவை நேராக முறுக்கினால் மரை ஷீட்டையும் பிடித்துக்கொள்ளும், பலகை மேசையில் ஒட்டாமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டே நிற்கும். ஷீட்டில் ஸ்க்ரூ தடையின்றிப் போகும் அளவுக்குத் துளை வேண்டும், மரை ஸ்பாயில்போர்டில் மட்டும் பிடிக்க வேண்டும். எம்.டி.எஃப்.பில் துளையைச் சுற்றி எழும் மேடும் பலகையைத் தூக்கும். துளை வாயைச் சரிவாக்கும் கவுன்டர்சிங் பிட்டால் ஒரு சுற்று சுற்றினால் போதும்.

ஸ்க்ரூ இடத்தைக் கண்ணால் குறிக்காதீர்கள். முதல் வேலையாக மெஷினையே 2 மி.மீ. ஆழத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வெட்டுப் பாதையிலிருந்து குறைந்தது 20 மி.மீ. தள்ளியிருக்கும்படி வரைபடத்திலேயே வைத்துவிட்டால் பிட் இரும்பில் மோதாது.

ஸ்க்ரூ கழிவுப் பலகையைத்தான் பிடிக்கிறது, பாகத்தை அல்ல. பாகம் பிரியாமலிருக்க டேப் (ஒட்டும் டேப் அல்ல, வெட்டாமல் விடும் பாலம்) வேண்டும். 18 மி.மீ. பிளைவுட்டில் 6 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம், பாகத்துக்கு நான்கு. நேர் ஓரத்தில் வையுங்கள். வளைவில் வைத்தால் தேய்த்துச் சமப்படுத்தும்போது வடிவமே கெடும். இந்தத் தேய்ப்பு வேலைதான் ஸ்க்ரூ முறையின் உண்மையான விலை.

மாஸ்கிங் டேப்பும் சூப்பர் குளூவும்

சின்ன எழுத்துகள், பதிவேலைத் துண்டுகள், 3 மி.மீ. மெல்லிய மரம் என்றால் மற்ற இரண்டையும் மறந்துவிடுங்கள். பலகையின் அடியிலும் மேசையிலும் மாஸ்கிங் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக ஒட்டி, ஒருபக்க டேப்பின் முதுகில் குளூவைக் கோடுகளாக இட்டு, ஒட்டி, அரை நிமிடம் நன்றாக அழுத்த வேண்டும். பாகம் தனியாகப் பிரிந்த பிறகும் அதன் அடி முழுக்கப் பிடி அப்படியே இருக்கும், மேலே மோத கிளாம்பும் இல்லை.

சீவிய எம்.டி.எஃப். முகம் பஞ்சு மாதிரி இருப்பதால் டேப் அதில் நிற்காது, நாரோடு பிய்ந்து வரும். அதன்மேல் ஒரு லேமினேட் பலகையை ஸ்க்ரூ செய்து அதில் ஒட்டுங்கள். இரண்டு டேப்பும் சேர்ந்து பலகையைக் கால் மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்தும். ஊடுருவி வெட்டும் வேலைக்கு இசட் பூஜ்யத்தை (பிட்டின் உயரத்தை மெஷின் அளக்கத் தொடங்கும் மட்டத்தை) மேசை முகத்தில் வைப்பதுதான் வழக்கம், ஆனால் இங்கே டேப்பின் மேல் வைக்க வேண்டும். மறந்தால் பள்ளங்களெல்லாம் அந்த அளவு ஆழம் கூடிவிடும். மழுங்கிய பிட் சூடேற்றினால் டேப் இளகி விடும், இந்த முறைக்குப் புது பிட் அவசியம். எடுக்கும்போது மெல்லிய மர ஆப்பை நுழைத்துத் தூக்கி, டேப்பை மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உரியுங்கள். குறுக்கே இழுத்தால் நார் கிளம்பும்.

எந்த முறையானாலும் ஓட்டத்தின் நடுவே பாகம் அசைந்தால் கையை நீட்டாதீர்கள். முதலில் நகர்வை நிறுத்தி, இசட்டைத் தூக்கி, ஸ்பிண்டில் முழுதாக நின்ற பிறகே தொட வேண்டும். அப்போது வேக்குவத்தை மட்டும் அணைக்காதீர்கள், மற்ற பாகங்கள் இடம் மாறினால் அந்த ஷீட்டைத் திரும்ப நேர்படுத்தவே முடியாது.