சனசமூக நிலையத்துக்கு நாலு யோசனை, ஒரு பட்ஜெட்: எதை முதலில் தொடங்கலாம்?

யாழ்ப்பாணத்து ஊர்களில் சனசமூக நிலையம் என்றால் அனேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒரு மண்டபம், பத்திரிகை மேசை, பூட்டிய அலுமாரியில் கொஞ்சப் புத்தகங்கள், காலையில் முன்பள்ளி, பக்கத்தில் விளையாட்டுக் கழகத்தின் காணி. முன்பள்ளி விட்ட பிறகு மண்டபம் பெரும்பாலும் சும்மா கிடக்கும். லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருக்கிற ஊர்ச் சங்கம் "பெடியளுக்கு ஏதாவது செய்யுங்கோ" என்று காசு அனுப்பினால், நிர்வாக சபைக் கூட்டத்தில் வழக்கமாக நாலு யோசனைகள் வரும்: இலவச மாலை வகுப்பு, மைதானத்துக்கு மின்விளக்கு, கணினி வகுப்பு, உளவளத்துணை. காசு ஒன்றுக்குத்தான் காணும். பிறகு யாருடைய குரல் பெரிதோ அவருடைய யோசனை வெல்லும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைதானத்தையும், அங்கே தினமும் நிற்கச் சம்பளத்துக்கு ஒரு ஆளையும்தான் நான் முதலில் எடுப்பேன். மற்ற மூன்றும் வேண்டும்தான். ஆனால் அவை அந்த ஆளின் கையால் வளர்ந்தால்தான் நிற்கும்.

இந்த நாலையும் ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். செலவையும் வருகிறவர்களின் தலைக்கணக்கையும் மட்டும் பார்த்தால் மாலை வகுப்புத்தான் எப்போதும் வெல்லும். நான் கேட்பது வேறு: இதுவரை நிலையத்தின் வாசலுக்கே வராத யாரை இது உள்ளே கொண்டுவரும்? இலங்கையின் 2014ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களை இளைஞர் என்கிறது. அந்த வயதுக்குள் உயர்தரம் படிக்கிற பிள்ளையும் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி மாமாவோடு மேசன் வேலைக்குப் போகிற பெடியனும் இருக்கிறான். கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஏஜென்சிக்காரனின் அழைப்புக்குக் காத்திருப்பவனும், கடையில் வேலை செய்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குள் போய்விடுகிற பெட்டையும் இருக்கிறார்கள். முதலாவது பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் ரியூட்டரியும் இருக்கின்றன. மற்ற மூவருக்கும் ஊரில் என்ன இருக்கிறது?

மாலை வகுப்பைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ரியூட்டரிக்குக் குறைவில்லை. நிலையத்தில் இலவச வகுப்பு வைத்தால் ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகள்தான் முன்வரிசையில் வந்து இருப்பார்கள். அவர்களின் பெற்றோருக்கு ஒரு செலவு குறையும், அது நல்லதுதான். ஆனால் விட்டுப்போனவன் திரும்பவும் ஒரு கரும்பலகைக்கு முன்னால் வந்து இருக்கமாட்டான். ஒரேயொரு வகுப்புக்கு மட்டும் நான் முழுமனதோடு கை தூக்குவேன்: சாதாரண தரத்தில் கணிதம் தவறியவர்களுக்கான சிறு வகுப்பு. உயர்தரத்துக்குப் போக முதல்மொழியும் கணிதமும் சேர்ந்து ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும். கணிதம் என்ற ஒரு பாடத்தில் கதவு சாத்தப்பட்ட பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பத்துப் பேருக்கு மேல் சேர்க்காமல், மாணவர்களின் வயதைப் பார்க்காமல், பள்ளிக்கூடச் சாயல் இல்லாமல் நடத்தினால் அது வேலை செய்யும்.

இனி மைதானம். நம்மூர்ப் பெரியவர்களுக்கு இது பிடிக்காது. "விளையாடினால் சோறு வருமோ?" என்று கேட்பார்கள். வல்லிபுரக் கோயிலுக்கும் நல்லூர்க் கோயிலுக்கும் தரும காரியம் செய்கிற மனிதர்களுக்குக்கூட ஒரு கரப்பந்து வலைக்குக் காசு கொடுக்க மனம் வராது. ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்கு ஓவர் கேம் என்கிற ஊர்க் கரப்பந்தாட்டம் நடக்கிற திடலுக்குப் போய்ப் பாருங்கள். மேசன் வேலை முடித்துச் சீமெந்துக் காலோடு வந்தவன், தோட்டத்தில் இறைப்பு முடித்து வந்தவன், பல்கலைக்கழக விடுமுறையில் வந்தவன் எல்லாரும் ஒரே பக்கத்தில் நிற்பார்கள். ஊரில் வேறு எந்த இடமும் இவர்களை ஒன்றாகச் சேர்ப்பதில்லை. வகுப்பும் சேர்க்காது, கோயில் உபயமும் சேர்க்காது. சாதியைப் பார்த்தால் சில ஊர்களில் கோயில் பிரிக்கவே செய்யும்.

அதற்காக விளையாட்டே எல்லாவற்றையும் திருத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐஸ் போதைப்பொருளும் ஹெரோயினும் ஊருக்குள் வந்த பிறகு "பந்து அடிக்கிற பெடியன் போதைக்குப் போகமாட்டான்" என்று மேடைகளில் பேசுகிறார்கள். போகிறான். இறுதியாட்டம் முடிந்த இரவு, மைதானத்தின் இருட்டு மூலையில் என்ன நடக்கிறது என்பது கழகக்காரர்களுக்குத் தெரியும். ஊருக்கு ஊர் போட்டி வாள்வெட்டு வரைக்கும் போன கதைகளும் நமக்குப் புதிதில்லை. பெரியவர் ஒருவர் நிற்காத மைதானம் வெறும் வெளிதான். மின்விளக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தால் சண்டைக்கும் சேர்த்து வெளிச்சம் கொடுத்ததாகத்தான் முடியும். மைதானத்தையும் ஆளையும் நான் ஒரே செலவாகக் கணக்குப் போடுவது இதனால்தான்.

பெண் பிள்ளைகளின் விஷயம் இதைவிட முக்கியம். ஆசிய வலைப்பந்தாட்டத்தில் பேர் எடுத்த தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. யாழ்ப்பாணத்துக் கிரிக்கெட் வீரர் வியாஸ்காந்த் ஐபிஎல்லில் பந்து வீசியதை ஊரே கொண்டாடியது. ஆனால் எத்தனை கழகங்களில் வலைப்பந்துத் தூண் நட்டிருக்கிறார்கள்? பெட்டைகள் வராததற்குக் காரணம் ஆர்வக்குறைவு என்று நிர்வாக சபை சொல்லும். உண்மைக் காரணங்கள் மிகச் சாதாரணமானவை. பயிற்சி நேரம் இருட்டோடு முடிகிறது, உள்ளுக்குள் பூட்டக்கூடிய கழிவறை இல்லை, பயிற்றுவிப்பவர் ஆண், மதிலில் வரிசையாகப் பெடியள் இருக்கிறார்கள். நேரத்தை மூன்றரைக்கு மாற்றி, ஒரு பெண் பயிற்றுநரை வைத்து, கழிவறைக்குக் கொண்டி போட்டால் பிள்ளைகள் வருவார்கள். மின்விளக்குக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். என்னைக் கேட்டால் விளக்கைவிட இதைத்தான் முதலில் செய்வேன்.

அப்புறம் கணினி வகுப்பு. வெளிநாட்டுச் சங்கங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் படம் நன்றாக வரும். பத்துக் கணினி, புதுக் கதிரை, திறப்பு விழா, ரிப்பன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் பாதிக் கணினி ஓடாது, படிப்பித்த பிள்ளை வேலை கிடைத்துப் போயிருக்கும், கொடுத்த சான்றிதழ் நிலையத்தின் றப்பர் முத்திரையோடு எந்த நேர்முகத்திலும் செல்லாது. இலங்கையில் தொழில் கல்விக்கு என்.வி.கியூ என்கிற தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களில் இருக்கிறது. ஒன்று முதல் நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். அரசின் தொழிற்பயிற்சி அதிகார சபையும், நைட்டா என்கிற பயிலுனர் பயிற்சி அதிகார சபையும் அந்தப் பயிற்சிகளைத் தருகின்றன. 2016இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் திறக்கப்பட்டது. இவ்வளவும் இருக்கும்போது சனசமூக நிலையம் தானும் ஒரு சின்னப் பயிற்சி நிலையமாக ஏன் மாற வேண்டும்?

நிலையம் செய்யக்கூடியதை வேறு யாரும் செய்வதில்லை. விண்ணப்பம் நிரப்ப உதவுவது, பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுத்துக் கொடுப்பது, முதல் நாள் கூடப் போய் வருவது, முதல் மூன்று மாதத்துக்குப் பஸ் காசு கொடுப்பது. பயிற்சியைப் பாதியில் விடுகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் பஸ் காசும் வீட்டு நெருக்கடியும்தான் காரணமாக வரும். இன்னொன்று, வருடக்கணக்காக வேலை செய்கிற மேசனும் வயரிங் பெடியனும் புதிதாக வகுப்புக்குப் போகாமலே, கைவேலையை மதிப்பீடு செய்து என்.வி.கியூ வாங்கலாம். முன்கற்றலை ஏற்கிற இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தக் கடதாசி உதவும். பத்துக் கணினிக் காசில் எத்தனை பேருக்கு இதைச் செய்து கொடுக்கலாம் என்று பொருளாளர் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

உளவளத்துணையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, தேவைதான். போரும் இடம்பெயர்வும் கண்ட வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். போருக்குப் பிறகு பிறந்தவர்களும் அந்த வீட்டின் மௌனத்துக்குள்தான் வளர்கிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் வீட்டுக் கடன் ஏறியதையும் கண்டவர்கள். ஆனால் மண்டப வாசலில் 'உளவள ஆலோசனை நிலையம்' என்று பலகை போட்டால் யார் வருவார்? பத்திரிகை மேசையில் இருக்கிற நாலு பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். சாயந்தரத்துக்குள் ஊருக்கே கதை போய்விடும்.

பலகை வேண்டாம், அறை வேண்டும். மற்ற வேலைகள் நடக்கிற நேரத்திலேயே, வாரம் ஒருநாள், வெளியூரிலிருந்து பயிற்சி பெற்ற ஒருவர் வந்து இருக்கட்டும். விண்ணப்பம் நிரப்ப வருபவனும் மனம்விட்டுப் பேச வருபவளும் ஒரே வாசலால் போகட்டும். யார் வந்தார் என்று நிர்வாக சபைத் தலைவரே கேட்டாலும் சொல்லக்கூடாது, அறிக்கைப் புத்தகத்தில் பெயர் ஏறக்கூடாது. இந்த விதியை எழுத்தில் வைக்காத நிலையம் இந்தச் சேவையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. கடுமையான பிரச்சினைகளை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ தெல்லிப்பழை வைத்தியசாலைக்கோ அனுப்ப வேண்டும். அவசரத்துக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது, சிறுவர் தொடர்பானவற்றுக்கு 1929, பெண்களுக்கு 1938. இந்த மூன்றையும் கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் ஒருவர் தனியாக நின்று இலக்கத்தைக் குறித்துக்கொள்ள முடியும்.

இப்போது அந்த ஆள். நாலு யோசனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது எல்லாவற்றிலும் குறைவது இந்த ஒன்றுதான். இரண்டு நாள் மைதானத்துக்கு வராத பெடியனை மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறவர், பஸ் காசு யாருக்கு உண்மையிலேயே தேவை என்று தெரிந்தவர், யாரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று புரிந்தவர். இதற்குப் பெரிய பட்டம் வேண்டியதில்லை. ஊரிலேயே முப்பது வயதுக்குள் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் அரைநாள் அரைநாளாகப் பகிர்ந்து செய்யலாம். பெண் பிள்ளைகளின் காரணத்துக்காகவே இரண்டு பேர் வேண்டும் என்பேன்.

"சமூக சேவைக்குச் சம்பளமோ?" என்ற கேள்வி கட்டாயம் வரும். தொண்டராக வருகிறவர் பரீட்சை வந்தால் நிற்பார், வேலை கிடைத்தால் போவார், கலியாணம் கட்டினால் போவார். அது அவருடைய குற்றமில்லை. ஆனால் ஒரு பெடியன் நம்பிக் கதைக்கத் தொடங்கியபோது அந்த ஆள் மாறினால், அடுத்தவரிடம் அவன் வாய் திறக்கமாட்டான்.

அரசாங்கத்தின் பக்கமிருந்து எடுக்கக்கூடியதையும் விடக்கூடாது. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தில் இளைஞர் கழகத்தைப் பதிவு செய்தால், தலைமைத்துவப் பயிற்சிக்கும் மாவட்டப் போட்டிகளுக்கும் வழி கிடைக்கும். பிரதேச செயலகத்துக்கு ஒரு நடைதான் செலவு. விளையாட்டுக் கழகம் ஒரு பக்கம், சனசமூக நிலையம் ஒரு பக்கம், இளைஞர் கழகம் இன்னொரு பக்கம் என்று ஒரே பெடியளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிற ஊர்கள் முதலில் அதைப் பேசித் தீர்க்கட்டும்.

வெளிநாட்டுச் சங்கத்துக்குக் கடிதம் எழுதுகிற செயலாளருக்கு ஒன்று: கட்டடம் கேட்காதீர்கள். இரண்டு பேரின் அரைநாள் சம்பளத்தை மூன்று வருடத்துக்கு உறுதியாகத் தரமுடியுமா என்று கேளுங்கள், மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த வருடம் காசு பாதியாகக் குறைந்தால் விளக்கின் மின்கட்டணத்தை வெட்டுங்கள், வகுப்பை வெட்டுங்கள், பஸ் காசைக்கூடக் குறையுங்கள், சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பெயர்க்கல் பதிக்க இதில் இடமில்லை என்பதையும் அந்தக் கடிதத்திலேயே நேராக எழுதிவிடுங்கள்.