ஃபிலிம் சாம்பிளோடு மாதவரம் லேபுக்கு: என் மதிப்பீடு

மணலியில் பாலித்தீன் ஃபிலிம் ஓட்டும் சின்ன யூனிட்டில் தரம் பார்ப்பது என் வேலை. "சார், உங்க ரோல்ல இங்க் நிக்கவே மாட்டேங்குது, டேப் ஒட்டி இழுத்தா உரிஞ்சு வருது" என்று அச்சுக்காரர் சத்தம் போட்டதால்தான் மாதவரம் பக்கம் உள்ள இந்தத் தனியார் லேபுக்குப் போனேன். எங்களிடமிருந்து கிளம்பும்போது ரோல் 38 டைன் காட்டியது, அதாவது மேற்பரப்பு இங்க் பிடிக்கிற அளவில்தான் இருந்தது. அதனால் எனக்குச் சந்தேகம் எருகமைடு மேல். ஃபிலிம் வழுக்கி ஓடுவதற்காகச் சேர்க்கும் ஸ்லிப் அது. ஓட்டி முடித்த பிறகும் மெல்ல மேற்பரப்புக்கு வந்து படியும்; அளவு மிஞ்சினால் இங்க் பிடிக்காது.

கவுண்டரில் இருந்த பெண் முதலில் கேட்டதே "எல்.டி.யா, எச்.டி.யா?" என்றுதான்; அடர்த்தி குறைந்த பாலித்தீனா, கூடியதா என்று. அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஏ.எஸ்.டி.எம். டி6953 என்ற சோதனைத் தர முறைப்படி எல்.டி.யை ஐசோப்ரோபனாலில் கொதிக்கவைத்துச் சேர்மானங்களை வெளியே இழுக்க வேண்டும், எச்.டி.க்கு சைக்ளோஹெக்சேன். இதைக் கேட்காமல் சாம்பிளை வாங்கிப்போடும் இடத்தை நான் நம்ப மாட்டேன். சேர்மானம் முழுசாக வெளியே வராவிட்டால் கரைசலில் உள்ளதைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி எத்தனை லட்சம் ரூபாய் ஆனாலும் குறைத்துத்தான் காட்டும்.

எருகமைடு 200 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளியின் பக்கம்தான் கருவியின் கண்ணுக்குப் படும். அந்த இடத்தில் கரைப்பானில் உள்ள துளி அழுக்குகூட வரைபடத்தில் பீக் (முகடு) போடும். பிளாங்க், அதாவது சாம்பிள் இல்லாத வெறும் கரைப்பான், ஓட்டினீர்களா என்று கேட்டேன், எடுத்துக் காட்டினார்கள். வந்த அளவு, நாங்கள் மாஸ்டர்பேட்சில் (சேர்மானம் செறிவாகக் கலந்த பிளாஸ்டிக் மணிகள்) சேர்த்ததைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூடவே கொடுத்திருந்த கிரானுல்ஸிலும் (மூலப்பொருள் மணிகள்) ஸ்லிப் இருந்தது. 'ஸ்லிப் இல்லை' என்று சொல்லி விற்ற சரக்கு அது! சப்ளையரோடு பேச இந்த ஒரு தாள் போதும்.

குறை இல்லாமல் இல்லை. ரிப்போர்ட்டில் வெறும் எண்கள்தான்; பீக்குகள் தெரியும் வரைபடமான க்ரோமடோகிராமைக் கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது. அதில்தான் விஷயமே இருக்கிறது. பிளாஸ்டிக் சூட்டில் கெடாமல் காக்கச் சேர்க்கும் இர்கஃபாஸ் 168 ஆக்சிஜனேற்றம் அடைந்தால் தனி பீக்காக நிற்கும். பாலித்தீனை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் சூட்டில் அது எவ்வளவு தீர்ந்துபோனது என்று அதை வைத்துப் பிடிக்கலாம். அப்புறம், ஒரே ஓட்டத்தில் வரும் சேர்மானங்களுக்குத் தனித்தனி ரேட். ஒப்பிட்டு அளக்கத் தேவையான சுத்தமான ஸ்டாண்டர்ட் வாங்கும் செலவு என்கிறார்கள், சரி, பாதி நியாயம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்ற நேரத்தை மட்டும் யார் கணக்கிலும் எழுத முடியாது.

போகிறவர்கள் சாம்பிளை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டு போங்கள். பாலித்தீன் கவரில் போட்டால் அந்தக் கவரின் ஸ்லிப்பும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.