முழங்கால் வரை இறுக்கும் சொக்ஸ்: அம்மாவின் வீங்கிய காலுக்கு வாங்கியது

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வரும்போது அம்மாவின் செருப்பு வார் காலில் பதிந்து கிடக்கும். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் விழுகிற குழி மேலே வர நேரமாகும். விடிந்தால் பாதி வற்றியிருக்கும், மாலையில் பழையபடி. எங்கள் லயத்தில் இப்படிக் காலோடு இன்னும் சிலர் இருக்கிறார்கள். "நீர் எறங்கியிருக்கு" என்று பார்லித் தண்ணி குடித்துவிட்டு மறுநாளும் பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, போய்விடுவார்கள்.

அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இருதயம், சிறுநீரகம் இரண்டையும் பார்த்தார்கள். என்ன பிரஷர் குளிசை போடுகிறார் என்றும் கேட்டார்கள், அம்லோடிபின் கூட காலை வீங்க வைக்குமாம். அம்மாவுக்குக் கோளாறு காலின் நாளங்களில். அவற்றுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் தளர்ந்ததால், மேலே ஏற வேண்டிய இரத்தம் கீழேயே தேங்குகிறது. கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துக் கிடந்ததும் அதனால்தான். டொக்டர் பாதத்தின் மேல் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்த பிறகே இந்தச் சொக்ஸை எழுதினார். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைத்திருந்தால் இறுக்கம் காலையே கெடுத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் சோடியை இரவல் வாங்கி மாட்டாதீர்கள்.

எழுதித் தந்தது இரண்டாம் வகுப்பு, முழங்காலுக்குக் கீழ் வரை. கணுக்காலில் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம் அழுத்தம், மேலே போகப் போகக் குறையும். முதலாம் வகுப்பு 18 முதல் 21 வரைதான்.

ஹட்டனில் முதலில் போன கடையில் "சப்பாத்து சைஸ் என்ன அக்கா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி கேட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். இதற்கு வேண்டியது கணுக்காலின் ஒடுங்கிய இடத்துச் சுற்றளவு, கெண்டைக்காலின் பருத்த இடத்துச் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். பஸ் ஏறி டவுனுக்கு வருவதற்குள் கால் வீங்கிவிடும். அதனால் அம்மா கட்டிலை விட்டு எழும்புமுன் நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு போனேன். இரண்டாவது கடை அந்த அளவைப் பெட்டியிலிருந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தந்தது.

மாட்டுவது பெரும்பாடு. குதிகால் வரை உட்புறம் வெளியே வரப் புரட்டி, பாதத்தை நுழைத்து, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளங்கையால் மேலே தடவித் தடவி ஏற்ற வேண்டும். நகம் பட்டால் நூல் போய்விடும். சுருக்கம் இருக்கக்கூடாது. மேல் விளிம்பை மடித்துவிட்டால் கயிறு கட்டியது போல் அந்த இடத்தில் வெட்டும். காலையில் கால் வற்றியிருக்கும்போதே மாட்டி, இரவில் கழற்றிவிட வேண்டும்.

பலன் நிச்சயம் உண்டு. "காலு லேசா இருக்கு புள்ள" என்று அம்மாவே சொன்னார். மாலையில் குழி முன்னைப்போல ஆழமாக விழுவதில்லை. ஆனால் இது நோயைத் தீர்க்காது, மாட்டாமல் விட்டால் வீக்கம் திரும்பும். இராத்திரி தலையணை வைத்துக் காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் படுப்பதும், சாப்பாட்டில் உப்பைக் குறைப்பதும் தொடர்கிறது.

குறை, நம் ஊர் மழைக்கு இது ஒத்துவரவில்லை. இரவில் கழற்றித் துவைத்தால் விடியும்போதும் ஈரம். அடுப்புக்கு மேல் கட்டினால் இழுவை போய்விடும், முறுக்கிப் பிழியவும் கூடாது. இரண்டு சோடி இல்லாமல் சமாளிக்க முடியாது. ஈரச் சொக்ஸோடு ரப்பர் பூட்ஸ் போட்டால் விரலிடுக்கு வெடிக்கும், வீங்கிய காலில் அந்த வெடிப்பு வழியாகக் கிருமி சுலபமாக ஏறிவிடும். விரல் திறந்த வகையை நான் எடுத்தது இதற்காகத்தான், வீட்டுக்கு வந்ததும் இடுக்கைத் துடைத்துக் காய விடலாம்.

விலைதான் மனதை வருத்துகிறது. பல நாள் பேர், அதாவது பல நாள் கூலி, இதற்கே போய்விடுகிறது, ஏறக்குறைய ஆறு மாதத்தில் இறுக்கம் தளர்ந்து புதிதாக வாங்கவும் வேண்டும். நாள் முழுக்கச் சரிவில் நிற்கிற பெண்களுக்குத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே இது கிடைக்க வேண்டும். சம்பளப் பேச்சு நடத்துகிறவர்கள் இதையும் கேட்டு வாங்கித் தாருங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ சொக்ஸ் தேடி அலையாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீனி வியாதியால் பாதம் மரத்தவர்கள் டொக்டரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம்.