கௌஸ்: பிள்ளைகளுடன் வார இறுதிக்கு ஏற்ற ஊரா?

இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே உள்ள வைட் தீவில், மெடினா ஆறு சோலன்ட் நீரிணையில் கலக்கும் இடத்தில் கௌஸ் அமைந்திருக்கிறது. மணலில் விளையாடிக் கடலில் குளிக்க விரும்புகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும். கரை கூழாங்கற்களால் ஆனது, நீரோட்டமும் வேகமானது. பாய்மரப் படகுகளை வேடிக்கை பார்ப்பதிலேயே பொழுது போகும் என்கிற குடும்பத்துக்கோ, இதைவிடத் தோதான ஊரை நான் கண்டதில்லை.

சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்படும் ரெட் ஜெட் விரைவுப் படகு அரை மணி நேரத்துக்குள் கடைத்தெருவுக்கு அருகிலேயே இறக்கிவிடுகிறது. காரை ஏற்றிவரும் கப்பல் ஆற்றின் மறுகரையான கிழக்குக் கௌஸுக்குச் செல்வதோடு, ஏறத்தாழ ஒரு மணி நேரமும் எடுத்துக்கொள்கிறது. ஊருக்குள் எல்லாம் நடை தூரம்தான் என்பதால் கார் வீண் செலவு.

எட்டாம் ஹென்றி மன்னர் 1539இல் கட்டத் தொடங்கிய கடற்கரைக் கோட்டையில் இன்று ராயல் யாட் ஸ்குவாட்ரன் என்ற படகோட்டிகளின் சங்கம் இயங்குகிறது. உள்ளே நமக்கு அனுமதி இல்லை என்றாலும் குறையொன்றுமில்லை. பார்க்க வேண்டியதெல்லாம் வெளியேதான் நடக்கிறது. கோட்டை முன் வரிசையாக நிற்கும் சிறிய பித்தளைப் பீரங்கிகள் முழங்கியதும் பந்தயம் தொடங்கும் என்பதால், கைக்குழந்தையின் காதுகளை முன்கூட்டியே பொத்திக்கொள்வது நல்லது. அதற்கு முந்தைய சில நிமிடங்கள்தான் சுவாரசியமானவை: பந்தயத் தொடக்கக் கோட்டினை முந்திக் கடந்துவிடாமலும் பின்தங்கிவிடாமலும் படகுகள் ஒன்றையொன்று உரசுவதுபோல் வட்டமிட, காற்றில் சாயும் படகை நிமிர்த்த மாலுமிகள் மொத்தமாக எதிர்விளிம்புக்குத் தாவி, கால்களை வெளியே தொங்கவிட்டு உட்காருகிறார்கள். 1851இல் இத்தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் அமெரிக்கா என்ற படகு வென்றதிலிருந்துதான் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் படகுப் பந்தயம் பிறந்தது.

இரண்டாம் நாளை மறுகரையில் உள்ள ஆஸ்போர்ன் மாளிகைக்கு ஒதுக்கலாம். சங்கிலியைப் பற்றி இழுத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கும், மிதவைப் பாலம் எனப்படும் படகில் போவதே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். விக்டோரியா மகாராணியின் இந்த மாளிகையில், இந்தியக் கட்டடக் கலைஞர் பாய் ராம் சிங்கின் வடிவமைப்பில் உருவான தர்பார் மண்டபத்தின் வெண்சுதை வேலைப்பாடுகளையும், கணப்பின் மேல் தோகை விரித்திருக்கும் மயிலையும் நம்மவர்கள் நிதானமாக நின்று பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கோ, அரச குழந்தைகள் சமைக்கவும் தோட்ட வேலை செய்யவும் பழகிய சுவிஸ் குடிலும், அவர்களின் பெயரெழுத்துகள் பொறித்த குட்டித் தள்ளுவண்டிகளுமே பிடிக்கும்.

தங்குமிடம்தான் குறை. நாங்கள் தங்கிய விடுதியின் படிக்கட்டு, பெட்டியோடு ஒருவர் ஏறினால் மற்றவர் கீழே காத்திருக்கும் அளவுக்குக் குறுகலானது, அறையும் சிறியது. சைவ உணவுக்காரர்கள் தங்குவதற்கு முன்பே விடுதியில் சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் காலை உணவு ரொட்டி, முட்டை, பீன்ஸோடு முடிந்துவிடும்.

1826இல் தொடங்கிய கௌஸ் வாரம் கோடையில் நடக்கும்போது ஊர் நிரம்பி வழியும். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் குறுகிய தெருக்களில் நகர்வது சிரமம். அந்த வாரத்தைத் தவிர்த்து, ஜூனிலோ செப்டம்பரிலோ ஒரு சனிக்கிழமை போனாலும், வானிலை ஒத்துழைத்தால் பாய்மரப் படகுகளுக்குப் பஞ்சமிருக்காது. வெயில் அடித்தாலும் காற்று குளிர்ந்தே வீசுவதால் பிள்ளைகளுக்குத் தடித்த மேற்சட்டை அவசியம்.