போலராய்ட் 110பி-யில் 4×5 பிலிம்: நான்கு வருடப் பாவனைக்குப் பிறகு

2021இல் என் கைக்கு வந்தது போலராய்ட் 110பி, எடுத்தவுடன் படம் தரும் பழைய கமரா. அதற்கு உரிய சுருள் பிலிம் 1992இலேயே நின்றுபோனது. ஆனால் அதன் முன்னால் இருப்பது ரோடன்ஸ்டொக் ஈசாரெக்ஸ் 127 மி.மீ., எஃப் 4.7 லென்ஸ். அதை அலுமாரியில் அழகுக்கு வைக்க மனம் வரவில்லை. பின்பக்கத்தை வெட்டி, 4×5 அங்குலத் தாள் பிலிமைப் பிடிக்கும் ஹோல்டர் பொருந்தும்படி மாற்றினேன்.

வெட்டுவது பெரிய வேலையே இல்லை. பிலிம் நிற்கும் தளத்தைச் சரியான இடத்தில் கொண்டுவருவதுதான் வேலை. மட்டக்களப்பில் ஒரு பட்டறையில் செய்வித்த மரச்சட்டம் 2 மி.மீ. தடித்துவிட்டது. அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். கல்லடிப் பழைய பாலத்தைக் குறிவைத்து, தூரத்தைக் கணித்துக் குவியம் வைக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு பிம்பமும் ஒன்றாகப் பொருந்திய பிறகே எடுத்தேன். கழுவிப் பார்த்தால் பாலம் பஞ்சு மாதிரி. எட்டு மீற்றரில் கட்டியிருந்த தோணியின் கயிற்று முறுக்கு மட்டும் ஊசிபோல விழுந்திருந்தது. இந்த லென்ஸுக்கு 2 மி.மீ. பிழை என்றால் அவ்வளவு தூரம் இழுக்கும். பத்துத் தாள் போனது. சட்டத்தைத் தேய்த்துக் குறைத்து, லென்ஸ் திறந்தபடி இருக்க, பிலிம் இருக்கும் இடத்தில் வைத்த மங்கல் கண்ணாடியில் தூரத்துத் தென்னையைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய இரண்டு வார இறுதிகள் எடுத்தன. அதற்குப் பிறகு இன்றுவரை அது நகரவில்லை.

சரியாக அமைந்துவிட்டால் இதற்கு ஈடு இல்லை. 4×5 தாளை முக்காலி இல்லாமல் கையில் பிடித்து எடுக்கலாம். அதற்காகவே இதை வைத்திருக்கிறேன். வாவிக்கரையில் வலை பொத்துகிற பெரியவர் ஒருவரை இரண்டு மீற்றரில் எடுத்தேன். முழுத் திறப்பில் தெளிவு ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்துக்குத்தான். கண்ணைப் பிடித்தால் காது கரையும். அதனால் மெல்ல மெல்லக் குவியம் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன மனே, இன்னும் முடியல்லியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு நிமிர்ந்த முகம்தான் படத்தில் இருக்கிறது. விரலிடுக்கில் நைலோன் நூல் ஒவ்வொரு இழையாகத் தெரிகிறது.

லென்ஸ் 4×5ஐ மட்டுமட்டாகத்தான் மூடுகிறது. மூலைகளும் தெளிவாக வேண்டுமென்றால் திறப்பை எஃப் 16க்குக் குறுக்குங்கள். வியூஃபைண்டர் சிறிய பிலிமுக்கு உரியது. அது காட்டுவதைவிடக் கூடுதலாகத் தாளில் விழும்.

பிலிம் செலவுதான் கையைக் கடிக்கும். அதனால் பாதி நாள் எக்ஸ்ரே பிலிம். 8×10 தாளை நான்காக வெட்டி, ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் சீவினால்தான் ஹோல்டருக்குள் போகும். சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் இந்தப் பிலிம் சிவப்பைப் பார்க்காது: குங்குமப் பொட்டு கறுப்பாகும், தோல் இருளும். இரண்டு பக்கமும் ரசாயனப் பூச்சு இருப்பதால் நகம் பட்டாலே கீறும். முகம் எடுக்கும் நாளில் சாதாரணப் பிலிமையே போடுகிறேன்.

இங்கே குழாய்த் தண்ணீர் முப்பது பாகையை ஒட்டி இருக்கும். பிலிமில் படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலுக்கு வேண்டியது இருபது. ஐஸ்கட்டியைப் பையில் கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பமானி இறங்கும்வரை காத்திருப்பேன். ஐஸை நேரே கரைசலில் போட்டுவிடாதீர்கள், அது நீர்த்துவிடும். அப்புறம், லென்ஸுக்குப் பின்னால் மடிந்து விரியும் பெல்லோஸையும் லென்ஸையும் வாவிக் காற்று விடாது, பூஞ்சை பிடிக்கும். நான் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில்தான் கமராவை வைக்கிறேன். மாரியில் மாதம் இருமுறை ஜெல்லை வறுத்து மாற்றுவேன்.

பழைய ஷட்டரின் மெதுவான வேகங்கள் இழுக்கின்றன, ஒரு விநாடி ஒன்றரையாகிறது. 1/30 விநாடியையும் அதைவிட வேகமானவற்றையும் நம்பலாம். இப்படி மாற்றிய கமராவை வாங்குகிறவர்கள் தூரத்தில் ஒரு கம்பம், கிட்டத்தில் ஒரு முகம் என இரண்டையும் முதல் தாள்களிலேயே எடுத்து, ரேஞ்ச்ஃபைண்டர் சொன்ன இடத்தில்தான் தெளிவு விழுகிறதா என்று பாருங்கள்.